மங்கையின் கடல் தொட்டி

ஜூன் 12, திங்கள்

வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் மங்கையற்கரசி, நாலரை வயதுப் பேத்தி நிலானி. மூன்றே பேர். என் மகன் சரவணப்பெருமாள் கப்பல் ஏஜென்சி வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தான். முந்தின நாள் புதன்கிழமை என்றால் இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும். எலக்ட்ரீசியன் சுடலைமுத்து. மத்தியானம் மூன்று மணிக்கு வந்தான், நாலேகாலுக்குப் போனான். சாம்பல் கலர் சட்டை. இரண்டாவது பித்தான் இல்லை.

ரெவின்யூ ஆர்.டி.ஓ. அம்மாவிடமும் இப்படித்தான் சொன்னேன். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்துபோனால் அவர்கள்தான் விசாரிக்க வேண்டுமாம். மங்கைக்கு ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. பெயர்களையும் நேரத்தையும் சொன்னவரைக்கும் அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பிறகு, "அந்த மீன் தொட்டி மோட்டாரை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டியது யார்?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற மகன் திரும்பி என்னைப் பார்த்தான். பித்தான் இல்லாததைச் சொன்னவளுக்கு இது எப்படி ஞாபகம் இல்லாமல் போகும் என்று அந்தம்மாவும் பார்த்தார். கேட்கவில்லை. வயசானவள் என்று விட்டுவிட்டார்.

நான் நோட்டில் எழுதுகிறவள் இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதி வைப்பது மறதிக்காரர்கள் வேலை என்று மங்கையிடமே சொல்லியிருக்கிறேன். இது அவளுடைய நோட்டு. கூடத்தில் இருக்கிற கடல் மீன் தொட்டியின் பக்கத்தில் ஆணியில் தொங்கும். தினமும் தேதி போட்டு, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, மீன் தின்றதா என்று எழுதுவாள். ஏழாம் தேதி வரைக்கும் எழுதியிருக்கிறாள். எட்டாம் தேதிக்குத் தேதி மட்டும் இருக்கிறது.

உப்புப் பார்க்கிற கருவி எனக்குப் பிடிபடவில்லை. சூடு இருபத்தெட்டு. மூன்று மீனும் தின்றன.

ஜூன் 13, செவ்வாய்

தொட்டியின் விளிம்பில் பூத்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு நாள் விட்டால் வெள்ளையாக ஏறிவிடுகிறது. கண்ணாடி மேல், வயர் மேல், சுவர் மேலெல்லாம் ஏறுகிறது. குறைந்த தண்ணீருக்குக் கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் மங்கை எழுதியிருக்கிறாள். தண்ணீர்தான் ஆவியாகப் போகுமாம், உப்பு தொட்டியிலேயே நிற்குமாம். இரண்டு செம்பு ஊற்றினேன்.

மின்சார ஆய்வாளர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மோட்டாரைப் போலீஸ் அன்றைக்கே கொண்டுபோய்விட்டது. இவர்கள் மீட்டர் பெட்டி, இன்வெர்ட்டர், தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் இருக்கிற பிளக்குகள் எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். அதில் மூத்தவர் மகனிடம் சொன்னார்:

"தொட்டிக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிளக்கா உருவிப் போடணும் சார். மெயினை ஆஃப் பண்ணிட்டா போதும்னுதான் நிறைய பேரு நினைக்காங்க. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல மெயின் ஆஃப் ஆனதும் அது தானா எடுத்துக்கிடும். கரண்ட் நிக்கவே நிக்காது."

மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெயினை அணைத்துவிட்டுக் கையை விடு என்று மங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். அந்தப் பெண்ணும் அப்படியேதான் செய்தாள். ஒருநாளும் தவறியதில்லை. அன்றைக்கும் தவறவில்லை.

ஜூன் 14, புதன்

சுடலைமுத்துவை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் விடுகிறார்களாம், நாலு நாளாக. கெட்டுப்போன மோட்டாரை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டிவிட்டுப் போனது அவன்தான் என்று என் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான். 23-ஆம் தேதி ஆர்.டி.ஓ. அறிக்கை போகும். அதற்குப் பிறகு கேஸ். லைசென்ஸ் போய்விடும். ஜெயிலும் உண்டு என்கிறார்கள்.

அவனுக்கு நான் எதற்காக இரக்கப்பட வேண்டும்?

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், என் வீட்டுக்காரர் இறந்தார். அவன் அப்பா லைட் செட் கடை வைத்திருந்தார். வாசலில் ஆறு டியூப் லைட் கட்டினார்கள். மதுரையிலிருந்து என் கொழுந்தனார் வரவேண்டும் என்று உடலை மறுநாள் காலை வரை வைத்திருந்தோம். சாயங்காலம் ஆறரை மணி. இந்தச் சுடலைமுத்துவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு ஏணியோடு வந்தான். கல்யாண வீட்டுக்கு லைட் பற்றவில்லை, அப்பா கழற்றிவரச் சொன்னார் என்றான். ஆறையும் கழற்றினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிக்கேன் வெளிச்சத்தில்தான் என் புருஷன் கிடந்தார்.

அதற்குப் பிறகு அவனை எங்கள் வீட்டுப் படி ஏற விட்டதில்லை. போன வாரம் மங்கைதான் போன் போட்டு வரவழைத்தாள்.

மீன் மூன்றும் தின்றன. தண்ணீரை அசைக்க, பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று மிஷின் மட்டும்தான் இப்போது இருக்கிறது. குமிழி விடுகிறது.

ஜூன் 15, வியாழன்

ஒரு வாரம். நிலானிக்குத் தலை பின்னிவிட்டேன். இரட்டைச் சடை எனக்குச் சரியாக வரவில்லை என்று அழுதாள்.

ஜூன் 16, வெள்ளி

சுடலைமுத்து பெண்டாட்டி வந்தாள். செல்லக்கனி என்று பெயர். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டாள். நான் கூப்பிடவும் இல்லை.

"பெரியம்மா, அவுக அந்தப் பிளக்கு மேல கறுப்பு டேப்பைக் குறுக்க ஒட்டிட்டுத்தான் வந்தேன்னு சொல்லுதாக. போலீஸ்காரரு, அப்ப டேப்பு எங்கல, பறந்து போச்சான்னு கேக்காரு. நீங்க அன்னைக்கு அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"டேப்பு ஒட்டினதப் பாத்தீங்களா?"

"என்கிட்ட எதுக்குட்டி கேக்க? சொல்ல வேண்டியதெல்லாம் ஆபீஸ்ல சொல்லியாச்சு."

"ஞாபகம் இல்லன்னு சொன்னீங்களாமே."

நான் கேட்டின் கொண்டியைப் போட்டேன்.

"அவுக உங்க வீட்டு டியூப் லைட்டக் கழட்டின கதைய நீங்க ஊரு பூரா எத்தன வருசமாச் சொல்லிட்டு இருக்கீங்க. கல்யாணமாகி வந்த புதுசுல, குழாயடியில என்னை நிறுத்தி வச்சுச் சொன்னீங்க. அவுக பனியன் கலரு உட்பட. இப்ப மட்டும் எப்படிப் பெரியம்மா ஞாபகம் இல்லாமப் போச்சு?"

வாயாடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே வாயாடிதான். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வெயில் ஏறிய பிறகுதான் போனாள்.

சூடு இருபத்தொன்பது. ஒரு மீன் தின்னவில்லை.

ஜூன் 17, சனி

எனக்கு ஞாபகம் இல்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். புதன்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து மீட்டர் பெட்டியில் இருக்கிற ட்ரிப்பர் நாலு தடவை விழுந்துவிட்டது. விழுந்தால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டர் லைனில் இருக்கிற கூடத்து ஃபேனும் விளக்கும் மட்டும் ஓடும். தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி விழும். மிக்ஸி ஓடவில்லை. இட்லி மாவு பாதியில் நின்றது. மங்கை அந்த லைட் செட்டுக்காரன் மகனுக்குப் போன் போட்டாள். வேறு ஆளே இல்லையா என்றேன். "இவருதான் அத்தை உடனே வாரேன்னு சொன்னாரு" என்றாள்.

வந்தவன் செருப்போடு கூடத்துக்குள் நுழைந்தான்.

"செருப்பக் கழத்தச் சொல்லு" என்றேன் மங்கையிடம். நான் அவனோடு பேசுவதில்லை.

"இருக்கட்டும் பெரியம்மா, ரப்பர் செருப்பு. கரண்டு வேலைக்கு இதுதான் எனக்கு உசுரு" என்றான். பிறகு மங்கையிடம், "நீங்களும் தொட்டிகிட்ட நிக்கையில ஒரு ரப்பர் செருப்பு போட்டுக்கிடுங்கம்மா" என்றான்.

"வாங்கி வச்சிருக்கேன் அண்ணே" என்று மங்கை என்னைப் பார்த்தாள்.

வாங்கித்தான் வைத்திருந்தாள், பச்சைக் கலரில். சாமி படம் இருக்கிற கூடத்தில் செருப்பா என்று நான்தான் அதை வெளியே போட வைத்தேன். போன மாசி மாதம்.

அவன் தொட்டியில் இருக்கிற சாமான்களை எல்லாம் பிளக்கிலிருந்து உருவினான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினான். லைட்டை மாட்டினான், ஒன்றும் ஆகவில்லை. நுரை எடுக்கிற மிஷினை மாட்டினான், ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரைச் சுழற்றுகிற பெரிய மோட்டாரை மாட்டியதும் மீட்டர் பெட்டியில் டப் என்று விழுந்தது. மோட்டாரை வெளியே எடுத்துக் காட்டினான். வயர் உள்ளே போகிற இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது, முடி அளவுக்கு.

"இது வழியாக் கரண்டு தண்ணிக்குள்ள கசியுது. இது கடல் தண்ணிம்மா, நல்ல தண்ணி மாதிரி இல்ல. நல்லாக் கடத்தும். இந்த ட்ரிப்பரத் திட்டாதீங்க. அது விழுந்ததாலதான் நீங்க நின்னு பேசிட்டு இருக்கீங்க."

வயர்களை எல்லாம் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலே ஏற்றி நூலால் கட்டினான். வயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடுமாம். பிறகு மூலையில் தனியாக இருந்த பிளக்கைக் காட்டினான்.

"இது இன்வெர்ட்டர் லைன். இதுக்கு ட்ரிப்பர் கெடையாது. மெயினை அணைச்சாலும் இதுல கரண்டு நிக்காது, பேட்டரில இருந்து வரும். புது மோட்டார் வாரவரைக்கும் மீனுக்கு இந்தப் பேட்டரிக் காத்து போதும். இந்தப் பிளக்கில யாரும் எதையும் மாட்டாதீங்க."

மூன்று தடவை சொன்னான். இரண்டு தடவை மங்கையிடம். ஒரு தடவை என் பக்கம் திரும்பி. கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். மோட்டாரைத் தொட்டிக்குள் அதன் இடத்திலேயே வைத்து, பிளக்கை வெளியே போட்டுவிட்டுப் போனான். மோட்டாரைக் கையோடு எடுத்துப் போயிருக்கலாம். அது அவன் தப்பு.

அதற்குப் பிறகு நடந்தது ஞாபகம் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

தின்னாத மீன் செத்துவிட்டது. மகன் கரண்டியில் எடுத்துத் தென்னை மூட்டில் புதைத்தான். இந்தத் தொட்டியில் மீனும் உயிர்ப் பவளமும் ஆசை ஆசையாக வைத்தவன் அவன். கடலுக்குப் போய் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவருவான். வீட்டில் இருக்கிற நாளை விட இல்லாத நாள் அதிகம் என்பதால் பார்த்துக்கொண்டது மங்கை.

சாப்பிடும்போது கேட்டேன்.

"எதுக்குல அவன் மாட்டினான்னு எழுதிக் கொடுத்த?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பின்ன என்னம்மா எழுத? எங்க அம்மைக்கு எழுபத்தோரு வயசு, அவளக் கொண்டு போங்கன்னு எழுதவா?"

"நான் எதையும் உன்கிட்டச் சொல்லலையே."

"புதன்கிழமை சாயங்காலம் நீதான போன்ல சொன்ன? 'மோட்டாரப் போட்டுட்டேன்ல, ஓடுது, மீனெல்லாம் நல்லா நீந்துது, அவன் சொன்னதெல்லாம் டூப்பு'ன்னு. மெயின் லைன்ல போட்டா ட்ரிப்பர் விழும். விழாம ஓடுதுன்னா எதுல போட்டிருப்பன்னு எனக்குத் தெரியாதா? அப்பவே எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சும், சரி, பவளம் தப்பிச்சிதுன்னுதான் நினைச்சேன். மங்கைக்கு ஒரு போன் போடல."

எழுந்துபோய்க் கை கழுவினான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"நான் சொன்னதே இருக்கட்டும்" என்று பின்கட்டிலிருந்து சொன்னான். "நீ இதுல வராத."

ஜூன் 19, திங்கள்

பவளமெல்லாம் வெளுத்துவிட்டன. தண்ணீர் வாடை அடிக்கிறது. நுரையைத் துணியால் வழித்து எடுத்தேன், ஒவ்வொரு பிளக்கையும் உருவிவிட்டு. உருவிய பிறகும் கையை விட ஐந்து நிமிஷம் ஆனது.

ஜூன் 20, செவ்வாய்

ஏரலிலிருந்து மங்கையின் அம்மா பகவதி மதினி வந்திருக்கிறாள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருப்பாள். என்னைக் கண்டதும் சண்டை பிடிப்பாள், ஏசுவாள் என்று மூன்று நாளாக நான் பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கல்யாணத்தில் பந்திக்கு என் நாத்தனாரைக் கூப்பிடாதது, வளைகாப்புக்கு இரண்டு நாள் பிந்தி வந்தது, எல்லாம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுக்களைக்குள் போய்ப் புளியைக் கரைத்தாள்.

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். நிலானி இரண்டு பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சேலை கட்டிய பொம்மை அம்மா. முடி இல்லாத பொம்மை நான்.

"அத்தை, மோட்டாரு ஓடுதே! எதுல மாட்டினீங்க?" என்றது அம்மா பொம்மை.

"மாட்ட வேண்டியதுல மாட்டினேன்" என்றது முடி இல்லாத பொம்மை.

குரலைக்கூட என் மாதிரியே வைத்துக்கொண்டாள். மூக்கால் பேசினாள்.

"எதுல அத்தை? சொல்லுங்க."

"ஒம்வேலையப் பாரு. எனக்குத் தெரியும்."

பகவதி மதினியின் கையில் கீரைக் காம்பு அப்படியே நின்றது. நான் எழுந்துபோய் அந்தப் பொம்மையைப் பிடுங்கினேன். "அதிகப்பிரசங்கி, போயிப் பல்லு விளக்கு" என்று கத்தினேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு யாராவது பல் விளக்குவார்களா? குழந்தை அழுதது.

"மதினி" என்றாள் பகவதி. "பிள்ளை என்ன சொல்லுது?"

"விளையாடுது."

"அது விளையாட்டு இல்லியே."

கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அவள் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 21, புதன்

எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்குப் புதன்கிழமை அவன் போன பிறகு மங்கை, நிலானியைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஐந்து மணிக்கு மகன் போன் செய்தான். தண்ணீர் சுற்றவில்லை என்றால் பவளமெல்லாம் செத்துவிடும், மூன்று வருஷ உழைப்பு, எப்படியாவது மோட்டாரைப் போடச் சொல் என்றான். எந்தப் பிளக்கில் என்று சொல்லவில்லை. மெயின் லைனில் மாட்டிப் பார்த்தேன். ட்ரிப்பர் விழுந்தது. போய்த் தூக்கிவிட்டேன். அப்புறம் அந்தக் கறுப்பு டேப்பைப் பார்த்தேன்.

அந்த டேப்பை வேறு எவன் ஒட்டியிருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். இதை எழுதுவதற்கு மூன்று தடவை பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். அவன் ஒட்டியது என்பதால் பிய்த்தேன். என் வாசல் வெளிச்சத்தைக் கழற்றியவன், என் வீட்டில் எது எரியலாம் எது எரியக் கூடாது என்று எனக்குச் சட்டம் சொல்வதா என்று இருந்தது. பிய்த்து உருட்டி, கீரைக் குப்பையோடு போட்டேன். மோட்டார் ஓடியது. ட்ரிப்பர் விழவில்லை. ஓடுகிறது என்று மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ரொம்ப நாள் கழித்து ஜெயித்த மாதிரி இருந்தது.

மங்கை வந்து பார்க்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு நோட்டில் தேதி போட்டாள். அப்போதுதான் மோட்டார் ஓடுவதைப் பார்த்தாள். அலமாரிக்குள் வயர்கள் எல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தன. எது எதில் போகிறது என்று குனிந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான் நிலானிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்டாள். கேள்வியும் பதிலும் நிலானி சொன்னபடிதான். ஒரு எழுத்து மாறவில்லை. என் ஞாபகம் அவளுக்கு வந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? நான் செய்தது தப்பு என்று அவள் முகத்தில் தெரியும், அதைப் பார்க்க எனக்கு இஷ்டம் இல்லை. அவ்வளவுதான்.

அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. கேட்டால் நான் ஏசுவேன் என்று அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். மாமியார் மெயின் லைனில்தான் மாட்டியிருப்பாள், ட்ரிப்பர் இப்போதைக்கு நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி விழும் என்று நினைத்திருப்பாள். போய் மெயினை அணைத்தாள். கூடத்து ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அது எப்போதும் சுற்றும். அந்தக் காற்றில் தண்ணீர் அலைந்துகொண்டே இருக்கும், மோட்டார் நின்றதா இல்லையா என்று தெரியாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, மோட்டாரை வெளியே எடுக்கக் கையை விட்டாள்.

அவள் கத்தவில்லை. கத்தினாள் என்று நான் போலீஸில் சொன்னது பொய். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புகிறபோது விழுந்து கிடந்தாள்.

ஜூன் 22, வியாழன்

காலையில் மகனிடம் சொன்னேன், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஆட்டோ கூப்பிடு என்று. "வேண்டாம்மா" என்றான். "நீ கூப்பிடலன்னா நடந்து போவேன்" என்றேன். பகவதி மதினி சேலை மாற்றிக்கொண்டு வந்து ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உக்காரு" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

ஆர்.டி.ஓ. அம்மா, "ஞாபகம் வந்திருச்சாம்மா?" என்று கேட்டார்.

"போகவே இல்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பைச் சொன்னேன். செருப்பைச் சொன்னேன். அவன் மூன்று தடவை எச்சரித்ததையும், என்னைப் பார்த்து ஒரு தடவை சொன்னதையும் சொன்னேன். மகன் எழுதிக் கொடுத்தது எனக்காக என்றும் சொன்னேன். கிளார்க் வேகமாக எழுதிக்கொண்டே வந்தார். மருமகள் கேட்ட கேள்வியையும் என் பதிலையும் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இது வேணுமாம்மா? டேப்பை எடுத்தது நீங்க, மாட்டினது நீங்க. அது போதுமே. குடும்பப் பேச்சு எதுக்கு?"

"அதுதான் வேணும். எழுதுங்க."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கப்புறம் கேஸ் உங்க மேல வரும். புரியுதாம்மா?"

"புரியுது."

கிளார்க் வாசித்துக் காட்டினார். என் வாய்ப்பேச்சு ஆபீஸ் பேச்சாக மாறியிருந்தது. 'எந்த இணைப்பில் பொருத்தினீர்கள் என்று மருமகள் இருமுறை வினவியும் நான் விடையளிக்கவில்லை' என்று வாசித்தார். அப்படிக் கேட்டபோது வேறு யாரோ செய்தது மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தோம். பகவதி மதினி எல்லாவற்றையும் கதவருகே நின்று கேட்டிருந்தாள். இப்போது அடிப்பாள் என்று நினைத்தேன். அடி என்று நின்றேன்.

"ஒரு வார்த்தை மதினி" என்றாள். "எம்மக கேட்டதுக்கு ஒரு வார்த்தை."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆட்டோவில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூன் 23, வெள்ளி

பதினாறாம் நாள். காரியம் முடிந்தது. வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவினதும் போய்விட்டார்கள்.

மத்தியானம் மகன் மிச்சமிருந்த இரண்டு மீனையும் வாளியில் போட்டு, மீன் வளர்க்கிற ஒரு சிநேகிதன் வீட்டுக்குக் கொண்டுபோனான். தொட்டியைக் காலி செய்யத் தண்ணீரை வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றினோம், அவனும் நானும். அடியில் கிடந்த மணலைச் சாக்கில் கட்டினோம். கூடத்தில் தரையெல்லாம் உப்பு. மூன்று தடவை துடைத்தேன்.

சுடலைமுத்துவை விட்டுவிட்டார்கள் என்று செல்லக்கனி வந்து சொன்னாள். இந்தத் தடவையும் கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். நன்றி என்று சொல்லவில்லை. அது சரிதான். அந்த ஆறு டியூப் லைட் விஷயத்தை நான் விட்டுவிட்டேன் என்று அவனிடம் சொல்லச் சொன்னேன். அவன் என்னை விட்டானா என்று கேட்கவில்லை.

மகனை விட்டேன். அவன் போன் போடாததை அவன்தான் சுமக்க வேண்டும், என்னிடம் அதற்குக் கணக்கு இல்லை. பகவதி மதினி மேல் வைத்திருந்ததை எல்லாம் விட்டேன், பந்தி, வளைகாப்பு எல்லாம். அவள் நாளைக்கு ஊருக்குப் போகிறாள். நிலானியைக் கொஞ்ச நாள் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.

ஒரு ஆளை மட்டும் நான் விடுவதாக இல்லை. அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இப்போது இல்லை. அம்மா, ஆச்சி, மதினி, பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அத்தை என்று கூப்பிட இனிமேல் யாரும் இல்லை. நேற்று கிளார்க், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டபோது, எவ்வளவோ வருஷம் கழித்து என் வாயாலேயே சொன்னேன்.

ஆவுடையம்மாள்.